ஓவியத்தில் எழுத்து: படிப்பதற்கா, பார்ப்பதற்கா?

கேள்வி (மண்டபம் என்னும் கடற்கரை ஊரிலிருந்து):
வணக்கம். என் அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவர். சூடை, கணவாய், நண்டு என்று எடையும் விலையும் பாக்கியும் அவர் குறித்து வைத்த நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. அந்தக் கையெழுத்தை வல்லத்தின் முன்முனையான அணியம், நங்கூரம், சங்கு ஆகிய குறியீடுகளோடு சேர்த்துப் பெரிய துணிகளில் தீட்டி வருகிறேன். நீலத்தை அறவே தவிர்த்து, கருவாடு காயும் மணலின் வெளிர்மஞ்சளையும் பழைய படகுப் பெயின்டின் சிவப்பையும் மட்டுமே பூசுகிறேன். ஆனால் பார்க்க வருபவர்கள் ‘இருபது கிலோ சூடை’ என்று வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நிறம் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்து நிறைந்திருந்தும் இப்படி நேர்வதில்லையே, ஏன்?

பதில் (ஓவிய ஆசிரியர், ராமநாதபுரம்):
அம்மா, பணிக்கர் 1963-இல் அந்த வரிசையைத் தொடங்கியதற்கு ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம் தூண்டுதலாக இருந்தது. ஜாதகக் கட்டங்களும் அதில் சேர்ந்தன. அவர் எழுத்து மலையாளம் போலத் தோன்றும். பொருள் தேடினால் கிடைக்காது. வாசிக்க வழியில்லாததால் கண் கோடுகளையும் இடைவெளியையும் தொடர்ந்து போகிறது. நாமோ எழுத்தைக் கண்டால் விளக்கக் குறிப்பு என்றே கொள்கிறோம். நம் ஊர் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களில் உள்ள தமிழ் வரிகளும் காட்சியை விளக்க எழுதப்பட்டவைதாம். இருப்பினும் பணிக்கரின் வழி உங்களுக்குப் பொருந்தாது என்று கருதுகிறேன். உங்கள் அப்பாவின் பாக்கி உண்மையான பாக்கி. அதைப் பொருளற்ற கோடாக்கினால் அவரே படத்திலிருந்து போய்விடுவார். நியூயார்க் ஓவியர் பாஸ்கியாவைப் பாருங்கள். மூன்று முனைக் கிரீடத்தைத் தன் அடையாளமாக்கிக்கொண்ட அவர், சொற்களை எழுதி அவற்றின் மீதே கோடு கிழித்தார். மறைக்கப்பட்ட சொல்லைப் பார்வையாளர் கூடுதலாக உற்றுப் பார்ப்பார் என்பதே அவர் தந்த காரணம்.

பதில் (கீழக்கரை வாசகர்):
என் உம்மாவின் தாயார் வைத்திருந்த ஏடு ஒன்று அரபுத்தமிழில், அதாவது தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறையில் அமைந்தது. தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகள் கூட்டியிருப்பார்கள். அவர் வாசித்தால் எனக்கு முழுவதும் புரியும். நானே பார்த்தால் வளைவுகளும் புள்ளிகளும் மட்டுமே தெரியும். சிறுவயதில் அந்தப் பக்கங்களை நான் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்ததற்கு அந்த இடைவெளிதான் காரணம். சகோதரி, எழுத்தை எந்த நிறத்தில் எழுதுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. மணல்மஞ்சளின் மேல் அதனினும் சற்றே அடர்ந்த மஞ்சளில் எழுதினால், வாசிக்க விரும்புபவர் அருகில் வந்தே ஆக வேண்டும். வரும் வழியில் நிறத்தைக் கடக்காமல் இருக்க முடியாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இதுவரை கறுப்பில்தான் எழுதி வந்தேன். நேற்று ஒரு துணியில் மஞ்சளின் மேல் மஞ்சளாக எழுதிப் பார்த்தேன், நான்கடி தூரத்தில் வெறும் மணலாகத்தான் தெரிகிறது. ஐயா சொன்ன கோட்டுக்காக நோட்டுகளை மறுபடி புரட்டியபோது ஒன்றைக் கவனித்தேன். அடைத்து முடித்த ஒவ்வொரு பாக்கியின் மீதும் அப்பாவே சிவப்பு மையால் கோடு இழுத்திருக்கிறார். இத்தனை நாளும் அந்தக் கோடுகளை விட்டுவிட்டு எழுத்தை மட்டுமே நான் படியெடுத்து வந்திருக்கிறேன்.