கடலோரக் காற்றில் பாக்ஸ்என் வேகனுக்கு பெயின்ட், டெக்கால்: பால் படிவதும் எழுத்தைச் சுற்றி வெள்ளியடிப்பதும் ஏன்?

கெடிலம்கரை (கடலூர் ஓ.டி.)

எச்ஓ மாடல் ரயில் அளவில், அதாவது 1:87இல், ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் கட்டின பாக்ஸ்என் வேகன் (மேல் திறந்த சரக்கு வண்டி) ஆறு இருக்கு. போகியோட (சக்கரம் பூட்டுற அடிச்சட்டம்) பக்கச்சட்டம் மட்டும் கடையில வாங்கினது. சாம்பல் ப்ரைமர், அதுக்கு மேல டாமியா எக்ஸ்எஃப்-9 பழுப்பு, 0.3 மி.மீ. நாசில் ஏர்பிரஷ்ல 20 பிஎஸ்ஐ. பழுப்பு நல்லாத்தான் உட்கார்ந்தது. அதுக்கப்புறம்தான் சிக்கல்.

சாயங்காலம் லாக்கர் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிச்ச ரெண்டு வேகன்ல பால் ஊத்தின மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கு. டெக்கால் (தண்ணியில நனைச்சு ஒட்டுற எழுத்துப் படலம்) ஒட்டின வேகன்ல எழுத்தைச் சுத்தி இருக்கிற தெளிவான படலம் வெள்ளி மாதிரி மின்னுது, ஒரு அடி தூரத்துலயே தெரியுது. போகியில அடிச்ச கறுப்பு நகத்தால கீறினாலே தோலா உரியுது.

இன்னொரு கேள்வி. வெள்ளை எழுத்தை வீட்டு பிரின்டர்ல அடிக்க வழி உண்டா? வேகன் நம்பரை எப்படிப் போடணும்? மனசுக்குத் தோணின பதினோரு இலக்கத்தைப் போட இஷ்டமில்லை.

---

முத்தியால்பேட்டை_எச்ஓ (புதுச்சேரி)

பால் படிவதும் வெள்ளியடிப்பதும் வேறு வேறு நோய், சார். மருந்தும் வேறு.

பால் படிவது காற்றின் ஈரத்தால். லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பெயின்ட் பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நுண்ணிய நீர்த்துளி படிந்து கிளியருக்குள் மாட்டிக்கொள்ளும். கடலூரிலும் இங்கேயும் கடல்காற்று உள்ளே வந்த பிறகு ஈரம் ஏறிவிடும். அதனால் சாயங்காலம் லாக்கர் வேண்டாம். ஒரு சின்ன ஈரமானி வாங்கி அடிக்கிற இடத்தில் வையுங்கள். 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தாராளமாக அடிக்கலாம். 80ஐத் தாண்டினால் மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட நாளில்கூட ஈரம் இறங்காது. அந்த இரண்டு மாதம் கட்டுமான வேலைக்கு, பெயின்டுக்கு இல்லை.

ஏற்கெனவே படிந்ததைச் சுரண்ட வேண்டாம். காற்று உலர்ந்திருக்கிற முற்பகலில், லாக்கர் தின்னரில் பத்தில் ஒரு பங்கு ரிட்டார்டர் (காய்வதை மெதுவாக்கும் திரவம்) கலந்து, பெயின்ட் எதுவும் சேர்க்காமல், ஒரே ஒரு மெல்லிய படலம் தூவுங்கள். மேல் கிளியர் மறுபடி இளகி, உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறி, தெளிவாகிவிடும். ஒரே இடத்தில் நின்று ஊற்றினால் அடியில் இருக்கிற எக்ஸ்எஃப்-9ம் கரைந்து ஓடும். கை நிற்கவே கூடாது.

கம்ப்ரசரையும் பாருங்கள். அழுத்தும்போது சூடாகிற காற்று குழாயில் வரும்போது ஆறி, நீர்ப்பொறியைத் தாண்டின பிறகும் தண்ணீர் விடும். கம்ப்ரசர் பக்கம் இருக்கிற பொறி மட்டும் நம் ஊருக்குப் போதாது. ஏர்பிரஷ் கைப்பிடிக்குக் கீழே திருகுகிற சிறிய பொறி ஒன்று அவசியம். தொட்டி உள்ள கம்ப்ரசர் என்றால் வேலை முடிந்ததும் அடிக்குழாயைத் திறந்து வடித்துவிட வேண்டும்.

மேல்காற்று அடிக்கிற ஆனி மாத முற்பகலில் நேர் எதிரான தொல்லை. துளி பரப்பைத் தொடுமுன்பே காய்ந்து உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிடும். அப்போது 15 பிஎஸ்ஐக்கு இறக்கி, 8-10 செ.மீ. நெருக்கத்தில், ரிட்டார்டர் சேர்த்து அடியுங்கள். மின்விசிறி ஓடக்கூடாது.

பாக்ஸ்என் பக்கத்தில் ஒரு விஷயம். செங்குத்துத் தூண்களின் ஓரமூலையில் நேராக அடிக்கிற பெயின்ட் போய்ச் சேராது. முதலில் இடமிருந்து 45 பாகை சாய்வில் ஒரு ஓட்டம், பிறகு வலமிருந்து ஒரு ஓட்டம், தூண்களின் இரண்டு பக்கமும் நிறம் ஏறிய பிறகுதான் தகட்டின் மேல் நேராக. முதலிலேயே நேராக அடித்தால் மூலையை மூடுவதற்குள் தகட்டில் பெயின்ட் தடித்து, ரிவெட் எல்லாம் மழுங்கிப்போகும்.

---

திருப்பாதிரி (கடலூர் என்.டி.)

டெக்கால் பத்தி நான் சொல்றேன்.

எக்ஸ்எஃப் வரிசை எல்லாமே மேட். கண்ணுக்கு வழவழன்னு தெரிஞ்சாலும் லென்ஸ் வெச்சுப் பாத்தா மேடும் பள்ளமும்தான். டெக்கால் படலம் மேட்டு மேல மட்டும் உட்காரும், பள்ளத்துல காத்து தங்கிடும். அந்தக் காத்துதான் வெள்ளியா மின்னுது. அதனால டெக்காலுக்கு முன்னாடி பளபளப்பு கிளியர் இல்லாம ஆகாது. டாமியா எக்ஸ்-22 ஒரு பங்கு, லாக்கர் தின்னர் ரெண்டு பங்கு, மெல்லிசா மூணு ஓட்டம். வேகன் பக்கத்துல டியூப்லைட் பிரதிபலிப்பு கோடா தெரியணும், மங்கலா தெரிஞ்சா இன்னொரு ஓட்டம். குறைஞ்சது ஒரு நாள் காயட்டும், மழைக்காலம்னா ரெண்டு நாள். பாதி காய்ஞ்ச கிளியர் மேல மைக்ரோ சோல் (டெக்கால் படலத்தை மென்மையாக்குற திரவம்) விட்டா கிளியரே சுருங்கும்.

அப்புறம் தண்ணி. போர் தண்ணியில முக்காதீங்க, உப்பு காய்ஞ்சு படலத்தைச் சுத்தி வெள்ளை வளையம் விடும். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் பல மாசம் வரும்.

புது பிளேடால எழுத்தை ஒட்டியே வெட்டுங்க. படலம் எவ்வளவு குறையுதோ வெள்ளியும் அவ்வளவு குறையும். இடுக்கியில பிடிச்சு 10-15 விநாடி முக்கி, எடுத்து டிஷ்யூ மேல வெச்சுடுங்க. ஒரு நிமிஷத்துல தானா வழுக்கும். தண்ணியிலேயே மிதக்க விட்டா பசை கரைஞ்சு போயிடும். வேகன்ல மைக்ரோ செட்டை (டெக்கால் நல்லா ஒட்ட உதவுற திரவம்) தடவி, அதுமேல தாளோட வெச்சு, மெல்லிய பிரஷ்ஷால படலத்தை மட்டும் தள்ளுங்க. நேர்கோட்டுக்கு டாமியா டேப் ஒண்ணைக் கீழ் விளிம்புக்கு இணையா ஒட்டி, அதுமேல எழுத்தை உட்கார வைங்க. தூண் மேல படலத்தைப் போர்த்தாதீங்க. ரெண்டு தகட்டுக்கு வர்ற எழுத்துன்னா நடுவுல வெட்டி ரெண்டு துண்டா ஒட்டுங்க. எந்த மென்மையாக்கியும் அந்த 90 பாகை மூலையில படலத்தை முழுசா இறக்காது, கூடாரம் மாதிரி தூக்கிக்கிட்டு நிக்கும்.

ஈரத்தை நடுவுலேர்ந்து ஓரத்துக்கு ஒத்தி எடுத்துட்டு, பத்து நிமிஷம் கழிச்சு மைக்ரோ சோல். உடனே படலம் சுருங்கிக் கோணும். பாக்கப் பயமா இருக்கும், தொடாதீங்க. அந்த நேரத்துல படலம் கூழ் மாதிரி, பிரஷ் பட்டா எழுத்து இழுத்துக்கிட்டுப் போயிடும். காயக் காய தானா படியும். மறுநாள் டார்ச்சை வேகன் பக்கத்துக்குச் சாய்வா பிடிச்சுப் பாருங்க. மின்னுற இடத்துல மெல்லிய ஊசியால நாலு குத்து, ஒவ்வொரு குத்து மேலயும் ஒரு சொட்டு சோல். ரெண்டு மூணு தடவை செஞ்சா காத்து வெளியேறிடும். சால்வாசெட் இதைவிடக் காட்டமானது. அக்ரிலிக் பெயின்டையே சில நேரம் தின்னும், அதனால தண்ணி கலந்து, தடிச்ச படலத்துக்கு மட்டும்.

கடைசியா ஈர பிரஷ்ஷால எழுத்தைச் சுத்தித் துடைங்க. மிச்சப் பசை காய்ஞ்சா மேட் கிளியர் அடிச்ச பிறகு பழுப்புக் கறையா தெரியும், அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. எக்ஸ்எஃப்-86 மேட் கிளியர் அடிச்சதும் படலத்தோட விளிம்பு மறைஞ்சிடும்.

---

பொன்மலை_பிஓஎச் (புதுச்சேரி)

வெள்ளை எழுத்துக்கும் நம்பருக்கும் என் பங்கு.

வீட்டு இங்க்ஜெட்டில் வெள்ளை மை கிடையாது, ஆகவே நேரடியாக முடியாது. வெள்ளை டெக்கால் தாளில் பழுப்புப் பின்னணி அச்சடித்து எழுத்தை வெறுமையாக விடுகிற வழியைச் சிலர் சொல்வார்கள். எக்ஸ்எஃப்-9ன் நிறத்தை மையில் பிடிக்கவே முடியாது, ஒவ்வொரு எழுத்தும் ஒட்டுத்துணி மாதிரி தெரியும். நேரத்தை வீணாக்க வேண்டாம். வெள்ளை டோனர் உள்ள லேசர் பிரின்டர் வைத்திருக்கிற இடத்தில் அடிப்பதுதான் சரி. செலவு தாள் கணக்கு என்பதால் ஆறு வேகனின் இரண்டு பக்கத்துக்கும், கூடவே உதிரிக்கு ஒரு மடங்கும், ஒரே ஏ4இல் நெருக்கிப் போடுங்கள்.

அளவைக் கணக்குப் போட்டுத்தான் வரைய வேண்டும். நிஜத்தில் 75 மி.மீ. உயர எழுத்து எச்ஓவில் 0.86 மி.மீ. 600 புள்ளி அடர்த்தியில் ஒரு புள்ளி 0.042 மி.மீ., ஆக ஒரு எழுத்தின் உயரத்துக்கு இருபது புள்ளி கிடைக்கிறது. படிக்க முடியும், ஆனால் மெல்லிய கோடுள்ள எழுத்துரு உடைந்துவிடும். கொஞ்சம் தடித்த, கொக்கியில்லாத எழுத்துருவை எடுங்கள்.

இனி நம்பர். முதல் இரண்டு இலக்கம் வேகன் வகை (திறந்த வேகன்கள் 10 முதல் 29க்குள்), அடுத்த இரண்டு உடைமை ரயில்வே (தெற்கு ரயில்வேக்கு 06), அடுத்த இரண்டு கட்டிய ஆண்டு, அடுத்த நான்கு தனி எண், பதினோராவது சோதனை இலக்கம். அந்தச் சோதனை இலக்கம்தான் தெரிந்தவர் கண்ணில் முதலில் படும்.

12 06 08 4173 என்று வைத்துக்கொள்வோம். இரட்டை இடங்களில் இருப்பவை 2, 6, 8, 1, 3. கூட்டினால் 20, மூன்றால் பெருக்கினால் 60. ஒற்றை இடங்களில் 1, 0, 0, 4, 7, கூட்டினால் 12. மொத்தம் 72. அடுத்த பத்தின் மடங்கு 80, அதை எட்ட 8 வேண்டும். ஆக முழு நம்பர் 12060841738. ஆறு வேகனுக்கும் இப்படியே போடுங்கள்.

பிஓஎச் (பணிமனையில் செய்யும் காலமுறைப் பெரும்பராமரிப்பு) தேதியும் நம்பரோடு ஒத்துப்போக வேண்டும். பாக்ஸ்என்னுக்கு முதல் பிஓஎச் ஆறு ஆண்டில், பிறகு நாலரை ஆண்டுக்கு ஒருமுறை, இடையில் 18 மாதத்துக்கு ஒரு ஆர்ஓஎச் (வழக்கமான இடைப்பராமரிப்பு). 2008இல் கட்டியது என்று நம்பர் சொல்லும்போது பிஓஎச் 2011 என்று எழுதினால் பொருந்தாது. 2014 வாக்கில் ஒன்று, 2018-19 வாக்கில் ஒன்று என்றுதான் வரும். டேர் எடை (காலி வண்டியின் எடை) 22.47 டன், பளு 58.81 டன். பொன்மலைப் பணிமனையின் குறி ஜிஓசி, பிஓஎச் தேதியோடு சேர்ந்து வரும்.

---

கெடிலம்கரை

ரொம்ப நன்றி. வெள்ளியடிச்ச ஒரு வேகன்ல மேட் கிளியரும் அடிச்சாச்சு. இப்பவும் ஊசி வேலை ஆகுமா? போகிக்கும் யாராவது சொல்லுங்க.

---

திருப்பாதிரி

ஆகும், ஆனா பாதி இடத்துலதான் பலிக்கும். கிளியரைத் துளைச்சுப் போற அளவுக்குக் குத்தி, சோல் விட்டு, ராத்திரி முழுக்க விடுங்க. கேக்கலன்னா டெக்கால் மேல மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி சட்டுனு இழுங்க. அடியில காத்து இருக்கிற படலம்கிறதால பெரும்பாலும் அதோட வந்துடும். மிச்சத்தை 2000 நம்பர் ஈர உப்புத்தாளால லேசா தேச்சு, அந்தத் தகட்டுக்கு மட்டும் பழுப்பு, எக்ஸ்-22, புது டெக்கால். தூணுக்குத் தூண் டேப் ஒட்டி மறைச்சா ஒட்டுப்போட்டது தெரியாது. பாக்ஸ்என் தகடு தனித்தனியா பிரிஞ்சிருக்கிறது இதுக்கு ரொம்ப வசதி.

---

முத்தியால்பேட்டை_எச்ஓ

போகி உரிவதைப் பார்த்தால் அது அசிடால் பிளாஸ்டிக்காக இருக்கும். வழுக்கும் தன்மைக்காகவே அதைப் போகிக்குப் போடுகிறார்கள், அதே காரணத்தால் பெயின்டும் பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கி போட்டுத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, கார் பம்பருக்கு அடிக்கிற பிளாஸ்டிக் ஒட்டு ப்ரைமரை ஒரு மெல்லிய படலம் தூவுங்கள். அது காய்ந்து இறுகுமுன், டப்பாவில் போட்டிருக்கிற நேரத்துக்குள், கறுப்பு. ஸ்டைரீன் உடம்பில் அந்த ப்ரைமர் படக்கூடாது, அதன் கரைப்பான் ஸ்டைரீனை அரிக்கும்.

அச்சு முனை உட்காருகிற குழிக்குள் பெயின்ட் போனால் வேகன் உருளாது. அடிக்குமுன் குழியில் சின்ன உருண்டை மாஸ்கிங் புட்டி வையுங்கள். சக்கரத்தின் ஓடும் பரப்பிலும் விளிம்பிலும் பெயின்ட் கூடாது, முகத்துக்கு மட்டும் பிரஷ்ஷால் துருநிறம். கப்ளருக்கு பெயின்டே வேண்டாம். கிராஃபைட் தூள் போதும்.

பழசாக்கும்போது மேல் விளிம்பை மறக்காதீர்கள். பாக்ஸ்என் டிப்ளர் இயந்திரத்தில் கவிழ்த்து இறக்குகிற வண்டி, கவ்வி பிடிக்கிற அந்த விளிம்பில்தான் பெயின்ட் முதலில் போகும். எக்ஸ்எஃப்-9ல் கொஞ்சம் எக்ஸ்எஃப்-57 (மணல்நிறம்) கலந்து, ஸ்பாஞ்சுத் துணுக்கால் விளிம்பில் மட்டும் ஒத்துங்கள். உட்புறம் பழுப்பே வேண்டாம், துருவும் கரித்தூளும்தான்.

மிஞ்சுகிற டெக்கால் தாளை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் வெளியே கிடந்தால் பசை தானாக இளகி, தாள் சுருண்டு, அடுத்த முறை எடுக்கும்போது படலம் விரிசல் விட்டிருக்கும். விரிசல் லேசாக இருந்தால் மைக்ரோஸ்கேலின் திரவ டெக்கால் படலத்தை மேலே ஒரு பூச்சு பூசி, காய்ந்த பிறகு வெட்டலாம்.