பரிவு, பரபரிவு: வீட்டார் கையில் கொடுக்கும் தாளுக்கு என்ன சொல்?

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுப்பவர்களின் வீட்டாருக்காக ஒரு துண்டுப்பிரசுரம் தமிழில் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு வரி: ‘இந்நோய் உள்ள பலரிடம் பரபரிவு நரம்புத்தொகுதியின் செயற்பாடு குறைந்திருக்கிறது.’ அச்சுக்குப் போகுமுன் எங்கள் தோட்ட லயத்து அத்தை ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். அவருடைய மகன்தான் மருந்து எடுக்கிறான். கேட்டுவிட்டு, “பரபரப்பு கொறஞ்சா நல்லதுதானேப்பா?” என்றார்.

தாளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நெஞ்சைப் படபடக்க வைத்து, உள்ளங்கையை வேர்க்க வைத்து, கண்மணியை விரிக்கிற நரம்புக்கு நாம் வைத்த பெயர் பரிவு. அந்தப் படபடப்பை அமர்த்துவதற்குப் பெயர் பரபரிவு! உயர்தர உயிரியலில் நானே இரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளி இழந்தவன். தமிழகப் பாடநூலில் உள்ள ‘எதிர்ப்பரிவு’ இன்னும் மோசம். இரக்கமில்லாத நரம்பு மாதிரி இருக்கிறது. முடுக்கு நரம்பு, தணிப்பு நரம்பு என்று வைத்தால் என்ன?

—

தம்பிக்கு, கண்டியிலிருந்து.

முப்பது வருடம் இந்தப் பரபரிவைக் கரும்பலகையில் எழுதிய பாவம் எனக்கும் உண்டு. ஆனால் உங்கள் சோடி இதயத்தில் வெல்லும், வயிற்றில் தோற்கும். இதயத்தை முடுக்குகிற அதே பரிவு நரம்பு குடலை மந்தமாக்குகிறது. இதயத்தைத் தணிக்கும் பரபரிவு குடலையும் எச்சிலையும் கிளப்பிவிடுகிறது. அப்போது தணிப்பு எங்கே?

குழப்பம் மூலத்திலேயே இருக்கிறது. உறுப்புகள் ஒன்றின் நோவில் மற்றது பங்குகொள்கின்றன என்று பண்டைய கிரேக்க மருத்துவர்கள் நினைத்தார்கள். ‘பரிவு’ (ஆங்கிலத்தில் sympathetic) அந்த நினைப்பின் மிச்சம். பக்கத்தில் என்ற பொருளில் கிரேக்க ‘பரா’வை ஆங்கிலேய உடலியலாளர் லாங்லி 1905இல் அதன் முன்னால் ஒட்டி parasympathetic ஆக்கினார். நாம் அந்தப் ‘பரா’வை மொழிபெயர்க்காமலே விட்டோம், அது தமிழ்ப் ‘பரபர’வோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

உறுப்பைப் பார்த்துப் பெயர் வைக்காமல், உடம்பு முழுவதும் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். கொழுந்துச் சுமையோடு மேட்டில் ஏறும்போது ஒரு நிலை. மடுவத்தில் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, பிளேன்டீயோடு உட்காரும்போது இன்னொரு நிலை. முதலாவது ஆயத்தம், இரண்டாவது ஆறுதல். ‘ஆறுதலா வாங்க’ என்று சொல்கிறோமே, அந்த ஆறுதல். பசி எடுப்பதும் சாப்பாடு செரிப்பதும் அந்த நேரத்தில்தான், ஆகவே வயிற்றுக்கும் பொருந்தும். ஆயத்த நரம்புகள், ஆறுதல் நரம்புகள். பாடநூலை நான் தொடமாட்டேன். பிள்ளைகள் பரீட்சை எழுத வேண்டும்.

—

மிக்க நன்றி, சேர்.

ஆயத்தம் உடனே ஒட்டிக்கொண்டது. ஆறுதலில் மட்டும் சிறு நெருடல்: துக்க வீட்டு வாசனை அடிக்கிறது, பரிவுக்கும் அக்காள் தங்கை மாதிரி இருக்கிறது. ‘இளைப்பாறு நரம்புகள்’ என்றால் அது போய்விடும். நீளம்தான், பிரசுரத்தில் இரண்டே இடம், சமாளிக்கலாம்.

இதே பொறி இன்னோர் இடத்திலும் கிடக்கிறது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 என்றால், துடிப்புக்குத் துடிப்பு சரியாக ஒரு வினாடி என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. மூச்சை இழுக்கும்போது இடைவெளி கொஞ்சம் சுருங்கும், விடும்போது நீளும். அதைச் செய்வதில் பெரும்பங்கு இளைப்பாறு நரம்புகளுக்குத்தான். மனச்சிதைவு உள்ளவர்களை அளந்த பல ஆய்வுகளில் இந்த ஏற்றஇறக்கம் குறைவாகவே இருந்திருக்கிறது, மருந்தே தொடங்காதவர்களிடமும்கூட. நான் இதற்கு ‘இதயத்துடிப்பு மாறுபாடு குறைவு’ என்று எழுதி வைத்திருந்தேன். மாறுபாடு என்றாலே நம் ஆட்களுக்குக் கோளாறுதான். அது குறைந்தால் சந்தோஷப்படுவார்கள். ‘துடிப்பு நெகிழ்வு’ என்று மாற்றினேன். நெகிழ்வு குறைவது நல்லதில்லை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருத்திய வரியை நேற்று அத்தையிடம் வாசித்தேன்: ‘இந்நோய் உள்ள பலருக்கு இளைப்பாறு நரம்புகளின் வேலை குறைகிறது, அதனால் துடிப்பு நெகிழ்வும் குறைகிறது.’ கொஞ்சம் யோசித்தார். “சும்மா உக்காந்திருக்கையிலயும் நெஞ்சு அடிக்குதுங்கிறான். நோய்னாலயா, மாத்திரைனாலயா?”

பிரசுரத்தில் இதற்குப் பதிலே இல்லை. இரண்டாலும் வரலாம். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் மாத்திரை இளைப்பாறு நரம்புகளின் செய்தியை வழியில் மறிக்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கும், குடல் மந்தமாகும். மலச்சிக்கல்தானே என்று விட்டால் சில வேளை உயிருக்கே ஆபத்து. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது, கிளினிக்கில் சொல்ல வேண்டும். அந்தப் பத்தியை இன்றிரவு எழுதி அனுப்புகிறேன். மலச்சிக்கல் என்ற சொல்லிலாவது யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நம்புகிறேன்.