முட்டியில் தட்டினால் அப்பாவின் கால் துள்ளவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 67, சர்க்கரை 18 வருடமாக. போன வாரம் பலதுறை மருந்தகத்தில் டாக்டர் ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டிப் பார்த்தார். கால் அசையவே இல்லை. இரண்டு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து இழுக்கச் சொல்லி மறுபடி தட்டினார். அடங்கியிருக்கும் துள்ளலை அது வெளியே கொண்டுவருமாம். அப்போதும் இல்லை, கணுக்காலிலும் இல்லை. "சுத்தியல் சரியில்லை, நான் நல்லாத்தானே நடக்கிறேன்" என்கிறார் அப்பா!

தட்டும்போது தசை இழுபட்டு, செய்தி முதுகுத்தண்டுக்குப் போய் உடனே திரும்புகிறது. மூளையின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. அந்த வழியில் நரம்பு கெட்டால் துள்ளல் நின்றுவிடும். சர்க்கரையால் இருக்கலாம், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டு வைட்டமின் பி12 குறைந்தும் இருக்கலாம் என்று ரத்தம் எடுத்திருக்கிறார்கள். வயதானவர்களுக்குக் கணுக்காலில் மட்டும் இல்லாமல் போவது உண்டாம். ஆனால் சில நாட்களுக்குள் கால் பலவீனம் மேலே ஏறினால் கில்லன்-பாரே என்ற தீவிர நரம்பு நோயாக இருக்கலாம், உடனே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள் என்றார் டாக்டர். அப்பாவுக்கு அப்படி இல்லை.

அடுத்து நரம்புக் கடத்தல் சோதனை, அதாவது நரம்பில் செய்தி சரியாகப் போகிறதா என்று பார்ப்பது. மின்சாரம் வைப்பார்கள் என்றதும் பயந்துவிட்டார். செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு வலிக்கும், எவ்வளவு நேரம் ஆகும்? தமிழில் பேசும் பிசியோதெரபிஸ்ட் யாரையாவது தெரியுமா?

அப்புறம் இன்னொன்று. பாதம் மரத்திருந்தும் கோயிலில் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு சுற்றுகிறார். காலுறையாவது போடவைக்க என்ன வழி?