சுற்றுச்சூழல் வகுப்பில் பயந்துபோகும் பிள்ளைகள்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். சென்னையில் ஒரு கல்லூரியில் முதலாமாண்டுக்குச் சுற்றுச்சூழல் தாள் எடுக்கிறேன். போன வாரம் 2023 மிக்ஜாம் புயல் படங்களைத் திரையில் போட்டேன். வேளச்சேரி மாணவி ஒருத்தி நோட்டை மூடிவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டாள். 2015-லேயே அவர்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீராம். "இதெல்லாம் படிச்சு என்ன சார் ஆகப்போகுது?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். எனக்குப் பதில் வரவில்லை.

'மரம் நடுவோம்' என்று முடிக்கிற வழக்கமான பாடம் இவர்களிடம் எடுபடாது. முதலில் பயத்தைப் பேசவிட்டு, பிறகு 2022-இல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குக் கூட்டிப்போய், மழைநீர் போகிற வழியை அவர்களையே வரையச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். அறுபது பேர், வாரம் இரண்டு மணி நேரம்தான்.

யாராவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா? வகுப்பில் யாராவது அழுதால் என்ன செய்தீர்கள்? மதிப்பெண் எப்படிப் போட்டீர்கள்? (துறைத்தலைவர் முதலில் அதைத்தான் கேட்பார்.)