குடற்புழு: மனதை விட்டுப் போகாத ஒரு நாளை எழுதுங்கள்

சாமைக்காடு:
ஜவ்வாது மலையில் நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தபோது நடந்தது. ஆறு மாதக் கர்ப்பிணி, இரண்டாவது பிரசவம். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்த துணி மாதிரி இருந்தது. ஹீமோகுளோபின் 5.2. மூன்று மாதமாக இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து வருகிறேன், துளிகூட ஏறவில்லை. வாயைக் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று மாத்திரையைத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு. இவளும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். பத்துப் பேர் இருந்த இடத்தில், "உன் பிள்ளை மேல உனக்கே அக்கறை இல்லையா?" என்று கத்தினேன்.

எதுவும் பேசாமல் எழுந்து போனவள் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். காலி அட்டைகள். ஒன்பது அட்டையையும் அடுக்கி நூலால் கட்டியிருந்தாள். "எல்லாம் சாப்ட்டேன் நர்ஸம்மா. எண்ணிப் பாருங்க" என்றாள்.

அப்புறம்தான் மலப் பரிசோதனை. கொக்கிப்புழு முட்டை. குடலில் கடித்துக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிற புழு. நான்காம் மாதம் ஒரு பூச்சி மாத்திரை கொடுத்திருக்க வேண்டும். அந்த மாதம் கையிருப்பு இல்லை, வந்ததும் கொடுக்கலாம் என்று விட்டது நான். கீழே அனுப்பி ரத்தம் ஏற்றினார்கள். 1.9 கிலோவில் பெண் குழந்தை. இருவரும் நன்றாக இருக்கிறார்கள். எனக்குத்தான் அந்த நூல்கட்டு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

கரும்பலகை:
பிப்ரவரி 10, பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுக்கிற நாள். தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். வரிசையில் நிற்கவைத்து, மென்று விழுங்குவதைப் பார்த்து, வருகைப் பதிவில் குறித்தாகிவிட்டது. மறுநாள் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருமிக்கொண்டே வந்து என் முன்னால் வாந்தி எடுத்தான். வெளியே வந்தது நாக்குப்பூச்சி. ஒரு சாண் இருக்கும், நெளிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அலறி ஓடிவிட்டார்கள். அவன் மட்டும் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், எனக்குள்ள இன்னும் இருக்கா?" என்று கேட்டான். என்ன பதில் சொல்வது?

சாயங்காலம் ஊரே பள்ளி வாசலில் நின்றது. மாத்திரையால்தான் புழு வந்தது என்றார்கள். உள்ளே நிறைய இருந்தால் இப்படி வெளியேறுவது உண்டு என்று எடுத்துச் சொன்னோம், பாதிப் பேர் நம்பவில்லை. பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் வராததால் அது பூட்டியே கிடந்தது. பையன்கள் மதில் சுவருக்குப் பின்னால்தான் ஒதுங்குவார்கள். கோலி விளையாடுவதும் அதே மண்ணில்தான். மாத்திரை நாளைப் பற்றிக் கூட்டம் போட்டவர்கள் யாரும் அந்தப் பூட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

வேப்பங்கொழுந்து:
டீச்சர் சொன்ன மாதிரி என் தம்பிக்கும் கொல்லைப்புறத்தில் ஒதுங்கியபோது புழு வெளியே வந்தது, பாதியில் நின்றுவிட்டது. பாட்டி துணியைச் சுற்றி இழுத்தார். அவன் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எதற்கெடுத்தாலும் மாத்திரை வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய் கொடுங்கள், அன்றைக்கு ரசம் சாதம் மட்டும். வாரம் ஒருநாள் வேப்பங்கொழுந்து, பாகற்காய். சர்க்கரையைக் குறையுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிற வீட்டில் நாடாப்புழு வராது. சாமைக்காடு சொன்ன கொக்கிப்புழு கால் வழியாக ஏறுவது. ஒரு ஜோடி ரப்பர் செருப்பில் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு ஏன் இவ்வளவு மருந்து? பிள்ளைகளைச் செருப்பு போடப் பழக்குங்கள், நகத்தை வாரம் ஒருமுறை வெட்டுங்கள், போதும்.

கொத்தமல்லி:
வேப்பங்கொழுந்து அவர்களே, சைவம் என்று நீங்கள் எழுதியதற்காகவே இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டோம். அண்ணனுக்கு 27 வயதில், காபி டம்ளரைக் கையில் வாங்கிய நொடியில் வலிப்பு வந்தது. ஸ்கேன் படத்தில் மூளைக்குள் சின்ன வெள்ளை வளையம். நாடாப்புழுவின் கூடு என்றார் டாக்டர். "நாங்க சுத்த சைவம் சார்" என்று அம்மா மூன்று தடவை சொன்னார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். சரியாக வேகாத பன்றி இறைச்சி சாப்பிட்டவர் குடலில்தான் அந்தப் புழு வளரும். அவர் மலத்தில் முட்டை வெளியேறும். அது கை வழியாகவோ, தண்ணீர் வழியாகவோ, பச்சையாகத் தின்கிற காய் கீரை வழியாகவோ இன்னொருவர் வயிற்றுக்குள் போனால், குஞ்சு ரத்தத்தில் கலந்து மூளைவரை போய்க் கூடு கட்டும். அந்த இன்னொருவர் சைவமா அசைவமா என்று முட்டைக்குத் தெரியாது.

அன்று இரவு இரண்டு மணிக்குச் சமையலறையில் விளக்கு எரிந்தது. அம்மா ஒரு கட்டு கொத்தமல்லியை இலை இலையாகக் கிள்ளிக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரை மாற்றுகிறார், மறுபடி கழுவுகிறார். அப்பா போய்க் குழாயை அடைத்தார்.

அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறான். ஒரு விஷயம்: இந்த நோய்க்குப் பூச்சி மாத்திரையைக் கடையில் வாங்கி நீங்களாகப் போடாதீர்கள். கூடு சாகும்போது மூளையில் வீக்கம் வரும் என்று ஸ்டீராய்டும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.

மலையகத்து மகள்:
நான் இலங்கையில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டம். எங்கள் அம்மாயி தன் தாயைப் பற்றிச் சொல்வார்: "மண்டபம் கேம்ப்ல பூச்சி மருந்து குடிச்சாத்தான் கப்பல்." ராமேஸ்வரம் பக்கத்து முகாம் அது, தோட்ட வேலைக்கு இலங்கை போகிறவர்களை அங்கே தங்கவைத்துத்தான் அனுப்புவார்கள். 1916-லேயே அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கிவிட்டது. தோட்டம் தோட்டமாகப் போய் மருந்து கொடுத்தார்கள். ஆனால் மருந்து குடித்தவர்கள் திரும்பிப் போனது அதே லயத்து வரிசை வீட்டுக்கு, அதே மண்ணுக்கு. அதனால் புழுவும் திரும்பி வந்தது.

என் மனதில் நிற்பது அம்மாயியின் பேச்சுதான். கொழுந்துக் கூடையோடு மேடு ஏற முடியாமல் அவருடைய தாய் மூச்சு வாங்கி உட்கார்ந்தால், கங்காணி "சோம்பேறி" என்று பேர் எழுதிவிடுவாராம், அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிக் கூலிதான். தன் அம்மா சோம்பேறி என்றே அம்மாயி அத்தனை காலமும் நம்பியிருந்தார். உடம்பில் ரத்தம் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று நான் சொன்னபோது அம்மாயிக்கு எண்பது வயது. ரொம்ப நேரம் அழுதார்.

இரட்டைக்குழி:
ஓய்வு பெற்ற பொறியாளன். என் கதை சின்னது. ஓர் ஊரில் நாங்கள் கட்டிக் கொடுத்த கழிப்பறையின் குழியை ஆறே மாதத்தில் அள்ளி, கத்தரித் தோட்டத்துக்கு உரமாகப் போட்டுவிட்டார் ஒரு பெரியவர். அடுத்த மழைக்கு அவர் பேரப்பிள்ளைகள் மூவருக்கும் வயிறு ஊதி, புழு. "நல்ல உரம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றார். சொன்னது நான்தான். எப்போது அள்ள வேண்டும் என்று சொல்லவில்லை.

ஆகவே கட்டப் போகிறவர்கள் கவனியுங்கள். குழி இரண்டு வேண்டும். பிந்தேஷ்வர் பாடக் 1970-இல் சுலப் என்ற கழிப்பறை அமைப்பைத் தொடங்கிப் பரப்பியதும் இந்த முறையைத்தான். ஒரு நேரத்தில் ஒரு குழிக்கு மட்டும் கழிவு போக வேண்டும். அது நிரம்பியதும் வழியை அடைத்து மற்றதற்குத் திருப்புங்கள். மூடிய குழியை இரண்டு வருடம் தொடக் கூடாது. உருண்டைப்புழு, அதாவது டீச்சர் சொன்ன நாக்குப்பூச்சி, அதன் முட்டைக்கு ஓடு கெட்டி, ஈர மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குழிச் சுவரில் இடைவெளி விட்டுக் கல் அடுக்குங்கள், பூசிவிடாதீர்கள், தண்ணீர் மண்ணில் இறங்க வேண்டும். கிணற்றுக்கும் அடிகுழாய்க்கும் பக்கத்தில் தோண்டவே கூடாது. பீங்கான் நல்ல சரிவாக இருந்தால் இரண்டு லிட்டர் தண்ணீர் போதும், தூரத்திலிருந்து சுமக்கிற ஊரில் இதுதான் முக்கியம். செப்டிக் டேங்க் கட்டி, அதன் கழிவுநீரைத் தெருச் சாக்கடையில் விடுகிறவர்கள் யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவை வளர்க்கிறார்கள். க்யூலெக்ஸ் என்கிற அந்தக் கொசுவுக்குப் பிடித்த இடம் அந்தத் தண்ணீர்தான். காற்றுக் குழாய் வாயில் கொசுவலை கட்டுங்கள்.

சாமைக்காடு:
வேப்பங்கொழுந்து அவர்களே, செருப்பு பற்றி. அவளிடம் செருப்பு இருந்தது. குழந்தை பிறந்த பிறகு ஒருநாள் அவளைத் தேடிக் காட்டுக்கே போனேன். செருப்பு வரப்பில் கிடந்தது. அவள் வெறுங்காலோடு களை எடுத்துக்கொண்டிருந்தாள். விளைகிற மண்ணில் செருப்புக்காலோடு இறங்க மாட்டார்கள். நானும் கழற்றிவிட்டுத்தான் இறங்கினேன். காலைக்கடனுக்கு எல்லோரும் ஒதுங்குவது அந்தக் காட்டின் ஓரத்துப் புதரில்தான். மழை பெய்தால் எல்லாம் ஒரே மண்.

அன்றைக்கு அவளுக்கு அடுத்த பூச்சி மாத்திரையைக் கொடுத்தேன். என் எதிரிலேயே மென்று விழுங்கினாள். பிறகு கேட்டாள்: "இதோட அட்டையையும் எடுத்து வைக்கணுமா நர்ஸம்மா?"