முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு மெதுவான பயிற்சி: அனுபவம் சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். சென்னை வியாசர்பாடியில் சின்ன வயதிலிருந்து கால்பந்து ஆடுகிறவன் நான். மேட்சில் சட்டென்று திரும்பும்போது வலது முட்டியில் ஏ.சி.எல். என்கிற, தொடை எலும்பையும் கால் எலும்பையும் உள்ளே பிணைக்கும் ஜவ்வு அறுந்து, ஆபரேஷனும் முடிந்துவிட்டது. 9 மாதமாவது ஆகாமல் மைதானம் பக்கம் போகாதே என்கிறார் பிசியோ, வலி போனாலும் உள்ளே ஒட்டுப்போட்ட ஜவ்வு இறுக நாளாகுமாம். சரி, கேட்டுக்கொள்கிறேன்.

இப்போதைக்கு நடை, சைக்கிள், காலை நீட்டித் தூக்குவது. தொடைச் சதை வற்றி, பேண்ட் ஒரு பக்கம் மட்டும் தொளதொளவென்று தொங்குகிறது. காலையில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் நடக்கிறேன், பெரியவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே ரசித்துச் சுற்றி வருகிறார்கள், எனக்கோ மூச்சு வாங்க ஓடினால்தான் ஆடிய திருப்தி என்று பழகிய உடம்பு, மனசு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

இப்படி அடிபட்டு மெதுவான பயிற்சிக்கு மாறியவர்களே, உங்களுக்கு அது எப்படிப் பிடித்துப்போனது? பாட்டா, கூட நடக்க ஆளா, வேறு ஏதாவதா? அப்புறம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் நல்ல நீச்சல் குளமோ, முட்டி நிலைமை புரிந்து யோகா சொல்லித்தருகிறவரோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தவளை நீச்சல் மட்டும் இப்போது வேண்டாம், அந்த உதை முட்டியை முறுக்கும். ராயபுரத்தில் காலையில் கூட நடக்க யாராவது வந்தால் ரொம்ப சந்தோஷம்.