கை வெடிப்பு: எந்தக் கைகழுவி போடலாம்?

வணக்கம். மலேசியாவில், பட்டர்வொர்த்தில் பிள்ளை பராமரிப்பு மையத்தில் வேலை, நாள் முழுக்க 70 சதவீத ஆல்கஹால் சானிடைசர்தான். தீபாவளிக்கு அப்புறம் விரல் முட்டிகளில் தோல் உரிந்து வெடித்துவிட்டது, எலுமிச்சை பிழிந்தால் உயிரே போகிறது. உள்ளங்கைக்கு ஒன்றுமில்லை.

தேங்காய் எண்ணெய் பிசுபிசுப்போடு சரி. இரவில் வாசலின் தடவிப் பருத்திக் கையுறை போட்டால் காலையில் மிருதுவாக இருக்கிறது, மதியத்துக்குள் பழையபடி ஆகிவிடும். யூரியா கிரீம் வெடிப்பில் பட்டதும் எரிந்ததால் நிறுத்திவிட்டேன். கிளிசரின் கலந்த சானிடைசரில் எரிச்சல் மட்டும் குறைந்தது.

கை கழுவுவதைக் குறைக்கவும் முடியாது, ஏனென்றால் கை, கால், வாய் நோய்க் கிருமிக்கு ஆல்கஹாலை விட சோப்பும் தண்ணீரும்தான் நல்லது, பிள்ளைகள் விஷயத்தில் அலட்சியம் கூடாது.

அடிக்கடி கழுவினாலும் வறட்டாத, வாசனை இல்லாத கைகழுவி இங்கே பார்மசியில் எது கிடைக்கும், போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்?